அக்கா ரொறொன்ரோவில், வயல் கொக்கட்டிச்சோலையில்

கேள்வி: டொக்டர் ஐயா, எனக்கு 38 வயது. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். முழங்கை, முழங்கால், தலை என்று ஆறு வருஷமாக சொரியாசிஸ், தோல் செதில் செதிலாக உதிர்கிற வருத்தம். வெயில் காலத்தில் அடங்கிக் கிடக்கும், கார்த்திகை பிறந்தால் கிளம்பிவிடும். ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவுக்கும் இதே வருத்தம். அவவுக்கும் குளிர்காலத்தில்தான் கூடுதாம். அறைக்குள் ஈரம் ஊதுகிற மெசின் ஒன்று அனுப்பப் போறாவாம். வாங்கி வைக்கட்டுமா? போன மாரியில் பார்மசியில் ஒரு ரியூப் வாங்கிப் பூசினேன். பத்து நாளில் தோல் வழுவழு என்று வந்துவிட்டது. விட்டதும் முன்னையைவிடக் கூடிவிட்டது. இப்போது புல்லுப் பிடுங்கும் காலம், வயலுக்கு இறங்காமல் இருக்க முடியாது.

பதில்: மெசினை அனுப்ப வேண்டாம் என்று அக்காவுக்கு இன்றைக்கே சொல்லுங்கள், தங்கச்சி. ரொறொன்ரோவில் வெளியே பனி, வீட்டுக்குள் ஹீற்றர். அந்தச் சூட்டில் அறைக் காற்று காய்ந்து தோலும் காய்கிறது, அவவுக்கு அந்த மெசின் உதவும். உங்கள் வீட்டில் மார்கழி மாதம் கொடியில் போட்ட சீலை மூன்று நாளாகியும் காய்வதில்லை. அந்தக் காற்றுக்கு இன்னும் ஈரம் எதற்கு?

எனக்கும் ஒரு காலத்தில் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்புவிக்கும் பழக்கம் இருந்தது. “குளிர்கால வறட்சிதான் காரணம்” என்று சொன்னபோது, வாசலில் நனைந்த குடையைச் சாத்திவிட்டு வந்திருந்த ஒரு விவசாயி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நம்முடைய மாரியில் இது ஏன் கூடுகிறது என்று ஆட்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

முதலாவது, வெயில். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் இந்த நோயை அடக்கும். ஆஸ்பத்திரிகளில் ஒளிச் சிகிச்சை என்று கொடுப்பதும் அதில் ஒரு வகையைத்தான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நமக்கு வானம் மூடியே கிடக்கும், நாமும் நீளக்கைச் சட்டையோடு திரிவோம். ஆகவே மழை விட்டு வெயில் எறித்தால், முழங்கையையும் முழங்காலையும் பத்துப் பதினைந்து நிமிஷம் காட்டுங்கள். தோல் சிவக்கும் வரை நிற்கவேண்டாம். வெந்த தோலில் நோய் கூடும்.

இரண்டாவது, தொண்டை நோவு. மாரியில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் சில தொண்டைத் தொற்றுகள் சொரியாசிஸைத் தட்டி எழுப்பிவிடும். விழுங்க முடியாத நோவும் காய்ச்சலும் வந்தால் கொத்தமல்லியை மட்டும் அவித்துக் குடித்துக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம்: வயல். சொரியாசிஸ் உள்ள தோலில் கீறல் விழுந்தால், விழுந்த இடத்திலேயே புதுச் செதில் கிளம்பலாம். நெல்லுத்தாள் கீறினாலும் சரி, நுளம்புக்கடியைச் சொறிந்தாலும் சரி. முழங்காலை மூடும் நீளக் காற்சட்டையும் நீளக்கையும் பருத்தியில் போடுங்கள். மாற்று உடுப்பு ஒன்றை வாடியிலேயே வையுங்கள், ஈரத்தோடு வீடு வரை நடக்காதீர்கள். சேறு போகவேண்டும் என்று உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தோலில் தேய்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அது வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும், கொதிக்கக் கொதிக்க வார்ப்பதும் கூடாது. துடைக்கும்போது ஒற்றி எடுங்கள். மூன்று நிமிஷத்துக்குள், தோல் ஈரலிப்பாக இருக்கும்போதே வசிலினைத் தாராளமாகப் பூசுங்கள். விலை கூடிய கிறீம் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: வசிலின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூசிய சட்டையோடு அடுப்படியில் குனிந்து ஊதாதீர்கள்.

பாதத்தில் வெடிப்பு இருந்தால் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக வெடித்த தோல் திறந்த வாசல். சுகாதாரப் பகுதியினர் விவசாயிகளுக்குத் தடுப்புக் குளிசை கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் குளிசையைக் குடிக்கிறவர்கள் அதை முதலில் சொல்லிவிட்டே வாங்கவேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போகலாம். வயலுக்கு இறங்கி ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி அந்த ரியூப். பத்து நாளில் வழுவழு என்று ஆக்கியது அநேகமாக வீரியம் கூடிய ஸ்ரெரோயிட். அது கெட்ட மருந்து இல்லை, நானே எழுதிக் கொடுக்கிற மருந்துதான். அளவும் நாளும் தெரியாமல் பூசுவதும், சடாரென்று விடுவதும்தான் பிழை. ஆட்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம், அது உங்கள் கையளவு இரண்டு இடத்துக்குக் காணும். முகத்திலும் அக்குள், தொடை இடுக்கிலும் அதைத் தொடவே கூடாது. எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, இடையில் எந்த மருந்துக்கு மாறுவது என்பதைத் தோல் கிளினிக்கில் கேளுங்கள். ரியூபையும் கையோடு கொண்டுபோங்கள். மாரியில் தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் தடித்து வருவது சொரியாசிஸ் இல்லாமல் பங்கசுப் படையாகவும் இருக்கலாம். அதற்கு இதே ரியூபைப் பூசினால் படை பரவும்.

விரல் மூட்டு காலையில் விறைத்து நின்றால், அது வயல் வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோய் மூட்டையும் பிடிக்கும், பிந்தினால் விரல் கோணிவிடும்.

கேள்வி: தை மாதம் மச்சாளின் கல்யாணம். என் கையில் செதில் இருப்பதால் பலகாரம் சுட வரவேண்டாம் என்று மாமி சொல்கிறா. தொத்துமா? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: தொத்தாது. தொட்டாலும், ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொத்தாது. உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலை அவசரப்படுத்துகிறது. ஒரு மாதமளவில் மாறவேண்டிய தோல் சில நாளிலேயே மேலே வந்து செதிலாக உதிர்கிறது, அவ்வளவுதான். மாமியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வெடிப்பு இருந்தால் மட்டும் மாக் குழைக்கும் வேலையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு அடுப்பு வேலையை எடுங்கள், மா காந்தும்.

கேள்வி: கணவருக்குச் சொரியாசிஸ். கிரந்திச் சாமான் என்று இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் மூன்று வருஷமாக விட்டுவிட்டார். வருத்தத்தில் ஒரு குறைவும் இல்லை. (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: வாவியும் கடலும் பக்கத்தில் இருக்க மூன்று வருஷம் இறால் இல்லாமல் ஒரு மனிதர்! பாவம். அவருக்கு இறால் தின்றால் தடிப்பு எழும்பும் என்று தனியாக ஒவ்வாமை இல்லாவிட்டால் சமைத்துக் கொடுங்கள். சொரியாசிஸுக்கும் இறாலுக்கும் பகையில்லை. சாராயம், சிகரெட், கூடின வயிறு மூன்றுக்கும்தான் பகை. கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே. கிழமைக்கு ஒருதரம் குடிக்கும் மெதோட்ரெக்சேட் குளிசையில் இருக்கிறார் என்றால் சாராயமும் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். அந்தக் குளிசை கிழமைக்கு ஒருநாள்தான். நாளாந்தம் விழுங்கி வாய் முழுக்கப் புண்ணோடு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கிழமையில் எந்த நாள் என்று கிளினிக் கொப்பியின் மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். குடிக்கிற விஷயத்தை அவர் டொக்டரிடம் சொல்லாவிட்டால், கூடப் போய் நீங்கள் சொல்லுங்கள்.