பணம் கட்டித்தான் நாவல் போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. தூத்துக்குடியில் ஓர் உப்பு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். உப்பளத் தொழிலாளர்களை வைத்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். தமிழாசிரியர் ஒருவர் திருத்திக் கொடுத்தார். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன். ஒரு பதிப்பகத்தில் 75,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி அச்சடித்து, 100 பிரதியை எனக்குத் தந்து, மீதி 200-ஐ விற்று 10 சதவீதம் ராயல்டி தருவதாகச் சொல்கிறார்கள். விலை 450 ரூபாய். ஒப்பந்த நகலையும் அனுப்பியிருக்கிறேன். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்க 3,000 ரூபாய் தனி. சென்னையில் வெளியீட்டு விழா வைக்கலாம், அதற்கும் செலவு என்னுடையது. தோழி அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடு என்கிறாள். வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராக ஆசை. புனைபெயரில் எழுதலாமா? முதலாளி போலவே ஒரு பாத்திரம் வருகிறது. - பெயர் வேண்டாம், தூத்துக்குடி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு எழுதுகிறவர் நீங்கள். இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அவர்கள் 200 பிரதியையும் விற்றுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 45 ரூபாய் வீதம் உங்களுக்கு 9,000 வரும். உங்கள் கையிலுள்ள 100 பிரதியையும் ஒரு ரூபாய்கூடக் கழிவு தராமல், ஒருவருக்கும் இலவசமாகக் கொடுக்காமல் விற்றால் 45,000. ஆக மொத்தம் 54,000. கடைசிப் பிரதிவரை விற்ற பிறகும் உங்களுக்கு 21,000 ரூபாய் நட்டம். விழாச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

பதிப்பாளர் என்பவர் உங்கள் எழுத்தை நம்பித் தன் பணத்தைப் போடுகிறவர். உங்கள் பணத்தை வாங்கி அச்சடித்துத் தருவது அச்சு வேலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. சொந்தச் செலவில் நல்ல புத்தகம் போட்டவர்கள் தமிழில் ஏராளம். ஆனால் பணம் உங்களுடையது என்றால் 300 பிரதியும் உரிமையும் உங்களிடமே இருக்க வேண்டும். அப்படிப் போட நினைத்தால், பி.ஓ.டி. முறையில், அதாவது தேவைப்படும் பிரதிகளை மட்டும் அவ்வப்போது அச்சடிக்கும் இரண்டு அச்சகங்களில் டெம்மி என்கிற வழக்கமான நூல் அளவு, பக்க எண்ணிக்கை, தாள், அட்டை எல்லாம் சொல்லி விலைப்புள்ளி வாங்குங்கள். அந்தத் தொகைக்கும் 75,000-க்கும் உள்ள வித்தியாசம் எதற்கு என்று இவர்களிடமே கேளுங்கள். ஐ.எஸ்.பி.என்.-ஐ ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை வழியாக மத்திய அரசு இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

பணத்தைவிட என்னைக் கவலைப்பட வைத்தது, நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகல். ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவர் பக்கம் நிற்கிற சட்டம். அதன் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். இவ்வளவு பாதுகாப்பும் ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரைதான். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ என்பதில் கையெழுத்துப் போட்டால் காலம், நிலப்பரப்பு இரண்டுக்குமான பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். பதிப்புரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கக்கூடியது. உங்கள் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய சொத்து அது.

எந்தப் பதிப்பகமாக இருந்தாலும், தமிழில் அச்சு நூலாக வெளியிடும் உரிமையை மட்டும் 3 அல்லது 5 ஆண்டுக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி. ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு வர வேண்டும். பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும். இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். ஒழுங்கான பதிப்பாளர் கோபிக்க மாட்டார்.

இனி நாவலுக்கு வருகிறேன். மூன்றாவது அத்தியாயம் அருமை. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரும் அந்தப் பெண், வெயில் ஏறியதும் உப்பின் வெளிச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டே கூலிக் கணக்கு கேட்கிறாளே, அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது. ஆனால் அவளைச் சந்திக்க வாசகர் இரண்டு அத்தியாயம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டும் குடும்ப வரலாறு, மூன்று தலைமுறை, யார் யாருக்கு என்ன உறவு. அவளிலிருந்தே தொடங்குங்கள். தாத்தா பாட்டி கதை தேவைப்படும் இடத்தில் தானாக வந்து சேரும். தமிழாசிரியர் ஒருவர் திருத்திக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்தது மெய்ப்பு. ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் போயிருக்கின்றன, நல்லது. எது மிகை, எது திரும்பத் திரும்ப வருகிறது, எந்தப் பாத்திரம் பாதியில் காணாமல் போகிறது என்று பார்ப்பது எடிட்டிங். அதற்கு உங்கள் மனசு நோகுமே என்று பார்க்காத வாசகர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உப்பளம் அறிந்தவர், ஒருவர் அறியாதவர்.

அதன்பின் பதிப்பகங்களுக்கு அனுப்புங்கள். எல்லாருக்கும் அல்ல, இந்த மாதிரி நாவல்களை ஏற்கெனவே போட்டிருக்கிற நான்கைந்து பேருக்கு. ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், உங்களைப் பற்றி நாலு வரி. யுனிகோடில் அனுப்புங்கள். அனுப்பும் காலமும் முக்கியம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் புரட்டாசி தொடங்கி மார்கழி முடியும்வரை பதிப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காட்சி முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் நிதானமாகப் படிப்பார்கள். மூன்று மாதம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

கிண்டிலில் தமிழ் நூல்களை நாமே ஏற்றலாம், செலவில்லை. ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், அதன் 90 நாள் தவணை முடியும்வரை மின்வடிவில் வேறெங்கும், பிரதிலிபி போன்ற கதைத் தளத்தில்கூட, அந்த நாவல் இருக்கக் கூடாது. அச்சுப் பதிப்பாளர் முடிவாகும்வரை பொறுங்கள். மின்னூல் உரிமை யாரிடம் என்பது தெளிவான பிறகு ஏற்றினால் போதும்.

வெளியீட்டு விழாவுக்குச் சென்னையில் அரங்கம் பிடிக்க வேண்டாம். மேடையில் பேசுகிற பிரமுகர்களில் பலர் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். வந்தவர்கள் உங்கள் மேல் உள்ள பிரியத்தில் ஒரு பிரதி வாங்குவார்கள், அதோடு முடிந்துவிடும். அந்தப் பணத்தில் ஐம்பது பிரதியை உண்மையில் படிக்கிறவர்களுக்குக் கொடுங்கள். நூலக வாசகர் வட்டங்கள், சிற்றிதழ்களில் மதிப்புரை எழுதுகிறவர்கள், தூத்துக்குடி, பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், உப்பளத் தொழிற்சங்கத்தார். கூட்டம் நடத்தத்தான் வேண்டுமென்றால் உங்கள் ஊரில், ஒரு மாலையில், படித்தவர்களை மட்டும் பேச வைத்து நடத்துங்கள். முகநூலில் ‘என் நூல் வந்துவிட்டது’ என்று தினமும் போடுவதைவிட, உப்பளத்தைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை வாரம் ஒருமுறை எழுதுங்கள். அந்த எழுத்தே வாசகரைப் புத்தகத்துக்குக் கூட்டிவரும்.

வேலையை விட வேண்டாம். இரண்டு ஆண்டில் 1,000 பிரதி விற்றால், அது நல்ல விற்பனை, உங்களுக்கு 45,000 வரும். மாதத்துக்கு 1,875 ரூபாய். தமிழில் எழுத்தால் மட்டும் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் சினிமா, தொலைக்காட்சி, பத்திரிகை என்று வேறொரு வருமானத்தோடு சேர்த்தே வாழ்கிறார்கள். பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். இவர்களை யாரும் பகுதிநேர எழுத்தாளர் என்று சொல்வதில்லை. உங்கள் நாவலுக்கு உயிர் கொடுத்ததே அந்த அலுவலகமும் அந்தக் கூலிப் பேரேடும்தான்.

புனைபெயர் தாராளமாக வைக்கலாம். அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒப்பந்தத்தில் உங்கள் சொந்தப் பெயரும், ‘இன்ன புனைபெயரில் எழுதுபவர்’ என்ற குறிப்பும் இருக்கட்டும். பின்னாளில் உரிமையை நிலைநாட்ட அது வேண்டும். ஆனால் முதலாளி விஷயத்தில் புனைபெயர் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பாத்திரத்தின் ஊர், குடும்பம், நடை உடை, பேச்சில் வரும் வழக்கமான சொல் அத்தனையும் மாற வேண்டும். கூலியைப் பிடித்து வைக்கும் அந்தக் காட்சியை மட்டும் தொடாதீர்கள். அதில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.