அண்ணாச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, சொட்டு மழை காணாத அட்டகாமா பாலைவனத்தில் ஆதிமனிதன் எதைத் தின்று உயிர் பிழைத்தான்? எகிப்துக்கு முன்பே அங்கே மம்மி செய்தார்களாமே, நிஜமா?
- வாசகி, திசையன்விளை

பதில்: நிஜம்தான் தங்கச்சி. முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவில் சிலி நாட்டு வடகோடியில் அந்தப் பாலைவனம் பசிபிக் கடலில் போய் முடிகிறது. மழையைக் கெடுக்கும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம்தான் அங்கே மீனையும் வாரிக் கொடுக்கிறது. மீன், சிப்பி, கடற்சிங்கம் என்று வயிறு நிறைந்தது. தண்ணீருக்கு ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள். அங்கே வாழ்ந்தவர்களின் மண்டையோடுகள் பலவற்றில் காதுத் துளைக்குள் எலும்பு முண்டு வளர்ந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் காலமெல்லாம் முங்கி எழுந்தவர்களுக்கு வருவது அது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களுக்குத் தொழில்வழிச் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குச் சின்சோரோ மக்கள் என்று பெயர். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன், எகிப்தியரை 2,000 ஆண்டுகள் முந்திக்கொண்டு மம்மி செய்தார்கள். தோலை உரித்து, உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு, எலும்புக்கூட்டைக் குச்சி வைத்துக் கட்டி, களிமண் அப்பி, தோலைத் திரும்பப் போர்த்தி, மாங்கனீசுக் கறுப்பு பூசி, மனித முடியிலேயே டோப்பாவும் வைத்துவிடுவார்கள். எகிப்தில் இந்த மரியாதை முதலில் ராஜாவுக்கு. இங்கே கருவில் கலைந்த சிசுவுக்குக்கூட உண்டு. அந்தப் பக்கத்துக் கமரோனெஸ் ஆற்று நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் நஞ்சு மிகுதி. அதனால் குழந்தைகள் செத்துச் செத்துப் பிறந்திருக்கலாம், பெற்றவர்களின் துக்கமே இந்தக் கலையைத் தொடங்கிவைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பெர்னார்டோ அரியாசாவின் கருத்து. எனக்கும் அதுதான் மனதுக்கு ஒப்புகிறது.

கேள்வி: நம் தேரிக்காடும் பாலைவனம்தானே? அங்கே ஆதிமனிதன் இருந்தானா?
- வாசகர், சாத்தான்குளம்

பதில்: பாலைவனத்தில் பனையும் கொல்லாமரமும் இப்படி நிற்குமா ஐயா? பார்வைக்குத்தான் பாலை, மழை பெய்கிற பூமி. ஆனால் மனிதன் இருந்தான். செம்மணலில் விரல் நகம் அளவுக்குக் கல் சில்லுகள் கிடைக்கும். அம்பு முனைக்கும் கத்தி விளிம்புக்கும் ஆன நுண்கற்கருவிகள். இவற்றைப் பற்றி தொல்லியல் ஆய்வாளர்கள் சோய்னரும் ஆல்ச்சினும் 1956-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

கேள்வி: அந்த மம்மிகளை நேரில் பார்க்க முடியுமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அரிக்கா நகருக்குப் பக்கத்தில் சான் மிகேல் தே அசாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டன. விமான டிக்கெட்டுக்கு வழியில்லை என்றால் திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூருக்குப் பஸ் ஏறுங்கள். ஈரமண்ணில் தோலும் சதையும் நிற்காது, எலும்புதான் மிஞ்சும். ஆனாலும் தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள்.