அப்பாவின் .315 ரைபிள் குறி தப்புகிறது: பழுது பார்ப்பதா, வேறு வாங்குவதா?

கேட்டிருப்பவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். அப்பா வைத்திருந்த இஷாப்பூர் .315 ரைபிள், வாரிசு முறையில் உரிமம் இப்போது இவர் பெயருக்கு மாறியிருக்கிறது. சுடுதளத்தில் 50 மீட்டரில் வைத்துச் சுட்டால் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றனவாம். "பேரல் போச்சு, தள்ளிவிட்டு வேற வாங்கு" என்கிறார் ஒருவர். "ஓசூர்ல லேத்துல கொடுத்தா ஒரே நாள்ல சரி பண்ணிடுவாங்க" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். நான் ராயக்கோட்டைக்காரன், காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவன். .303 ரைபிளைப் பிரித்து மாட்டியே என் சர்வீஸ் முழுக்கப் போனது. உங்கள் .315-ம் அதே லீ என்ஃபீல்டு வம்சம்தான். ராணுவத் தோட்டா வெளியாட்கள் கையில் சேரக் கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்தில் .303-ஐப் பொதுமக்களுக்குத் தடுத்தார்கள். அதனால்தான் அதே போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) அமைப்பில் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இந்த ரைபிள் வந்தது. குறி தப்புகிறது என்று என் மேசைக்கு வந்த துப்பாக்கிகளில் பேரல் நிஜமாகவே செத்துப்போனவை குறைவு. மரக்கட்டை, திருகு, குழல்முனை (பேரலின் வாய்), உள்ளே படிந்த அழுக்கு, பழைய தோட்டா என்று இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முதலில் இலக்குத் தாளைப் படியுங்கள். மணல் மூட்டை மேல் முன்கட்டையைத் தாங்க வைத்து, ஒரே பெட்டித் தோட்டாவில் ஐந்து ரவுண்டு, நிதானமாக, ஒரே புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் கூட்டமாக விழுந்து, அந்தக் கூட்டம் மட்டும் இடதுபக்கமோ கீழேயோ தள்ளியிருந்தால் உங்கள் ரைபிள் நல்ல ரைபிள். குறி பார்க்கும் சைட் மட்டும் நகர்ந்திருக்கிறது. ஐந்தும் ஐந்து திசையில் போனால்தான் நோய் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பலரும் சைட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சிதறுகிற துப்பாக்கிக்கு சைட்டை எவ்வளவு தட்டினாலும் பயனில்லை.

சைட் நகர்வது நம் ஊரில் சகஜம். ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அங்கே ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்த இடத்தில் முன் சைட் அடி வாங்கிவிடும். அது பக்கவாட்டுப் பள்ளத்தில் இறுக்கி உட்கார்ந்திருக்கும் சின்னத் துண்டு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் சைட் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 50 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் முன் சைட்டை நகர்த்த வேண்டும். இடதில் விழுந்தால் இடதுக்கு, கீழே விழுந்தால் உயரம் குறைந்த முன் சைட். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் அதற்கென்றே கருவி இருக்கும், பத்து நிமிட வேலை. பிற்பாடு யாராவது ஸ்கோப் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெறும் சைட்டில் சுட்டுப் பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது சிதறல். அதனால் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ரைபிளில் முன்கட்டை ஒன்று, பின்னால் தோளில் வைக்கும் பட் தனி. டிரிகர் கார்டுக்கு முன்னால் அடியிலிருந்து மேலே போகும் பெரிய திருகுதான் முன்கட்டையையும் இரும்பையும் பிடித்து வைத்திருக்கிறது. சுடும்போது வரும் உதையை வாங்குவதோ டிரிகர் பகுதியை ஒட்டி மரத்தில் உள்ள இரண்டு சின்ன முகங்கள். விரல்நகம் அளவுதான் இருக்கும். இரும்பு அதில் இடைவெளியே இல்லாமல், இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி உட்கார வேண்டும். மாசியில் ஆரம்பித்து வைகாசி வரை காயும் நம் காற்றில் மரம் சுருங்குகிறது, மழைக்காலத்தில் மறுபடி ஊதுகிறது. வருஷக்கணக்கில் இப்படி ஆகும்போது திருகு தளரும், அந்த முகம் நசுங்கும். அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் பேரல் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும், குண்டும் அப்படியே போகும்.

வீட்டில் இருந்தபடியே இதைச் சோதிக்கலாம். போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரில் விரலை விட்டுக் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கையால் பேரலையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடித்து, மற்ற கையால் அந்தத் திருகை இறுக்குங்கள். விரல் நுனியில் இரும்பு அசைவது தெரிந்தால், அல்லது திருகு அரைச் சுற்றுக்கு மேல் சுலபமாகச் சுற்றினால், நோய் கட்டையில் இருக்கிறது. இறுக்கிவிட்டு மறுபடி ஐந்து ரவுண்டு சுட்டுப் பாருங்கள். கூட்டம் சுருங்கினால் காசு செலவில்லாமல் முடிந்தது. சுருங்காவிட்டால் நசுங்கிய இடத்தை வெட்டியெடுத்து, அதே அளவில் கெட்டி மரத்துண்டு ஒட்டிச் செதுக்க வேண்டும். கை தெரிந்த ஆர்மரருக்கு அது வழக்கமான வேலை.

இதில் ஒரு எச்சரிக்கை. பட் ஆடுகிறதே என்று பின்பக்கத் துளைக்குள் நீள ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பட்-ஐப் பிடித்திருக்கும் நீளத் திருகைத் திருகாதீர்கள். அதன் முனை சதுரமாக முன்கட்டையின் பின்பகுதியில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் திருகினால் கட்டை பிளந்துவிடும். அப்படிப் பிளந்த கட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். தேங்காய் எண்ணெய், வண்டி ஆயில் என்று கட்டைக்கு ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மரம் ஊறிப் பஞ்சாகிவிடும். ஆளிவிதை எண்ணெயைக் கையில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்தால் போதும்.

அடுத்து குழல்முனை. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. சுற்று விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பாய்ந்து குண்டைச் சாய்த்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றி வையுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. நம் ரைபிள்களில் இந்தத் தேய்மானம் வெடித்து வருவதில்லை, துடைத்து வருகிறது. குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றில் கந்தல் துணி கட்டி இழுக்கும்போது கோணலாக, எப்போதும் ஒரே பக்கம் உரச இழுப்பதுதான் காரணம். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து கம்பி விட்டுத் துடைப்பதுதான் முறை. விளிம்பைச் சரி செய்வது அதற்கான கருவியால் செய்யும் சின்ன வேலை, பேரல் மாற்றத் தேவையில்லை.

குழல் உள்ளே பளபளவென்று தெரிகிறது என்று நம்பாதீர்கள். செம்பு படிந்திருந்தாலும் பளபளக்கும். செம்பு கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து விட்டு, ஊறவைத்து எடுங்கள். துணி நீலமாகவோ பச்சையாகவோ வந்தால் செம்பு இருக்கிறது. துணி வெள்ளையாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பழைய தோட்டாக்களின் அடியில் உள்ள கேப்பின் மருந்து வெடித்தபின் உப்பு விட்டுப்போகும். அது ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கவைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் சுட்ட அன்றே கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போடும் பழக்கம் படைகளில் இருந்தது. சுடுவதற்கு முன் குழலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஈரத்தோடு போகும் முதல் ரவுண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

அப்பா வாங்கி வைத்த தோட்டாக்களைத்தான் சுடுகிறீர்களா? எழுதவில்லை. அப்படியானால் சந்தேகத்தில் பாதி அங்கே வையுங்கள். வேறு வேறு வருஷத்துச் சரக்கைக் கலந்து சுட்டால் எந்தப் புது ரைபிளும் சிதறும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியதைச் சுடவே வேண்டாம், உரிமம் பெற்ற கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். டிரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிஷமாவது பொறுங்கள். தாமதித்து வெடிப்பது உண்டு.

கையையும் சோதிக்க வேண்டும். .315 தோளில் நன்றாகவே உதைக்கும். உதைக்கு முன்பே உடம்பு இறுகி, குழல்முனை கீழே இறங்கிவிடும். சுடுகிறவருக்கு அது தெரியாது. சுடுதளப் பயிற்சியாளரை விட்டு நல்ல ரவுண்டுகளுக்கு நடுவே டம்மி ரவுண்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒன்றில் முனை ஆடுகிறதா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் நல்ல தோட்டாவில் 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து ரவுண்டு விழுந்தால் இந்த வகை ரைபிளிடம் அதற்கு மேல் கேட்காதீர்கள். 50 மீட்டரில் அதில் பாதி.

எப்போது கைவிடலாம்? தாளில் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில், குண்டு பக்கவாட்டில் படுத்துப் போன மாதிரி இருந்தால் குழலுக்குள் வெட்டிய ரைபிளிங் வரிகள் குண்டைப் பிடித்துச் சுழற்றவில்லை என்று அர்த்தம். அந்த பேரலுக்கு வைத்தியம் கிடையாது. குழலில் எங்காவது வளையம் போல் வீங்கியிருந்தாலும் அப்படியே. சுட்ட காலித் தோட்டாவைக் கையில் எடுத்து அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பளபளப்பாக ஒரு வட்டக் கோடு ஓடினால், அல்லது கேப் வெளியே தள்ளி நின்றால், போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. அன்றே சுடுவதை நிறுத்துங்கள். போல்ட்டில் அடித்த நம்பரும் பாடியில் அடித்த நம்பரும் ஒன்றா என்றும் பாருங்கள். வேறு போல்ட் மாறி வந்திருந்தால் கேஜ் வைத்து அளக்காமல் அதில் ஒரு ரவுண்டுகூடப் போடக் கூடாது.

இனி லேத் விஷயம். ஓசூர் லேத்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவர்கள். ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை. நீங்களும் மாட்டுவீர்கள், அந்த ஏழை மனிதரும் மாட்டுவார். குழலை அறுத்துக் குட்டையாக்கும் யோசனையும் வேண்டாம், அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

வேறு வாங்குவதைவிடப் பழுது பார்ப்பதை நான் சொல்வதற்கு உங்கள் ஊரும் ஒரு காரணம். உங்கள் பகுதியில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயர் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய ஆயுத உரிமம் தர அவருடைய முன் இசைவு வேண்டும். அப்பா காலத்தில் பதிந்தாரா என்று முதலில் வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய உரிமத்தில் ஆயுதத்தை மட்டும் மாற்றுவதென்றாலும் ஆட்சியர் அலுவலக அனுமதி, விற்பனைப் பதிவு, புதிய நம்பர் ஏற்றுதல் என்று அலைச்சல் உண்டு. அந்த அலைச்சலுக்குப் பின் கையில் வருவதும் பெரும்பாலும் இன்னொரு பழைய .315-ஆகத்தான் இருக்கும், அதன் பேரல் எப்படியோ.

வேட்டை ரைபிள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வேட்டைக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. ராகிக் காட்டில் பன்றி இறங்கினாலும் இந்தத் துப்பாக்கியை எடுக்காதீர்கள். வனத்துறைக்கு மனு கொடுங்கள், பயிர் இழப்பீடு கேளுங்கள். அஞ்செட்டிப் பக்கம் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைக்கிற ஊர்களைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோகும்போது உரிமப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரைபிளைப் போல்ட் தனியாக, தோட்டா இல்லாமல் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். விட்டுவிட்டு வருவதானால் ரைபிள் நம்பர், போல்ட் நம்பர், என்ன வேலை என்று எழுதிய ரசீது வாங்காமல் வராதீர்கள். "முன்கட்டை உட்காரும் முகம் பார்க்கவும், குழல்முனை பார்க்கவும், இடைவெளி கேஜ் வைத்து அளக்கவும்" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். அளந்து என்ன வந்தது என்று இங்கே எழுதினால் அடுத்தது சொல்கிறேன்.