வாசகர் கேள்வி: கோத்தகிரிக்கு மே மாதம்தான் போக வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரியில் எங்களுக்குப் பழக்கமான சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. பள்ளி விடுமுறை என்பதால் மே மாதம் மட்டுமே போகிறோம், நெரிசலில் பாதி நாள் காருக்குள்ளேயே போய்விடுகிறது. மற்ற மாதங்களில் பிள்ளைகளோடு வெளியே சுற்ற முடியுமா, மழையில் மாட்டிக்கொள்வோமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகச் சுற்றலாம் அம்மா. முடிந்தால் மே மாதத்தை விட்டே விடுங்கள். ஊட்டிக்குப் போடும் மழைக் கணக்கு கோத்தகிரிக்குச் சரிவராது. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் மழையைத் தொட்டபெட்டா, அதாவது 2,637 மீட்டர் உயர மலை, பெரும்பாலும் மறித்துக்கொள்கிறது. ஊட்டியும் கூடலூரும் நனைந்து நடுங்கும் நாட்களில் கோத்தகிரியில் கொஞ்சம் சாரல், கொஞ்சம் மேகம், நடுவில் நல்ல வெயில் என்று நடப்பதற்கு அவ்வளவு சுகமாக இருக்கும். அந்த மாதங்களில் ஒரு வார இறுதி கிடைத்தாலும் கிளம்புங்கள்.

இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது மட்டும் கவனம் வேண்டும், 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கிளம்பும் முன் விடுதிக்காரருக்கு ஒரு போன் போட்டு மேட்டுப்பாளையம் சாலை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், வேண்டாம் என்று அவர் சொன்னால் தள்ளிப்போடுங்கள். மழை ஓய்ந்த பிறகு கேத்தரின் அருவியில் நல்ல தண்ணீர் இருக்கும். டிசம்பர், ஜனவரி காலையில் கோடநாடு காட்சிமுனைக்குப் போனால் மாயாறு பள்ளத்தாக்கும் பவானிசாகர் நீரும் தெளிவாகத் தெரியும். ஸ்வெட்டர் கட்டாயம்.

கேள்வி: பிள்ளைகளுக்கு எட்டு வயது, பத்து வயது. அதிகம் ஏறாமல் காடு பார்க்க வழி உண்டா?
– அதே வாசகி

பதில்: லாங்வுட் சோலை. ஊரை ஒட்டியே இருக்கும், 116 ஹெக்டேர்தான், ஆனால் உள்ளே நாலு அடி வைத்ததும் வெயிலே மறைந்துவிடும். கீழே இருக்கும் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான் போகிறது, 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இந்த மலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு போங்கள், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் நடக்கச் சொல்லுங்கள், பறவைகள் தானாகக் கண்ணில் படும். மழை மாதங்களில் அட்டை ஏறும், பேண்டை சாக்ஸுக்குள் செருகிவிட்டால் போதும். திரும்பும்போது கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் பங்களாவைப் பார்த்துவிடுங்கள், 1819இல் மலையேறி வந்த கோவை கலெக்டரின் வீடு.

கேள்வி: ரங்கசாமி மலைக்கு நண்பர்களோடு நாங்களே ஏறலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்துவிடாதீர்கள். அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி மலைக்குப் பாதை இருக்கிறது, அதில் பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை காட்டுத்தீ காலம் என்பதால் மூடியிருப்பார்கள். அந்த நாட்களில் தேயிலைத் தோட்டத்துச் சாலைகளில் நடங்கள், அதுவும் குறைவில்லை.

கேள்வி: சாயங்காலம் விடுதியிலிருந்து வாக்கிங் போகலாமா?
– வாசகர், சேலம்

பதில்: இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். கரடி ஊருக்குள்ளேயே வரும், தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், எதிரே பார்த்தால் போன் எடுக்காமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனை பக்கம் யானையும் இறங்கும், அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து பகலிலேயே ஏறி வாருங்கள். காரில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் தரும் அனுமதியான இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.