தெரிந்ததையே கணினி எதற்காக நினைவூட்ட வேண்டும்?

மருந்து எழுதும்போது எச்சரிக்கை காட்டும் கணினி அமைப்பு அனுபவமுள்ள மருத்துவருக்கும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்நோயாளிப் பிரிவில் பணியாற்றும் பொது மருத்துவனாகிய நான், தேவை என்றே சொல்வேன்.

ஓர் இரவுப் பணியில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொண்டுவந்த முதியவர் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோ-டிரைமாக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினேன். இவ்விரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வீரியம் கூடி ரத்தக்கசிவு நேரலாம் என்பது மாணவப் பருவத்திலேயே படித்தது. இளையவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்ததும்கூட. ஆனால் பக்கத்துப் படுக்கையில் மூச்சுத்திணறலோடு இருந்தவர் மீதே கவனம் முழுவதும் இருந்ததால், அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. திரையில் எச்சரிக்கை வந்தது, மருந்தை மாற்றினேன்.

அமெரிக்க மருத்துவர் கிளமென்ட் மெக்டொனால்ட் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கவனிக்க வேண்டிய மாற்றங்களைக் கணினி நினைவூட்டியபோது மருத்துவர்கள் அவற்றில் 51 விழுக்காட்டுக்கு நடவடிக்கை எடுத்தார்கள். நினைவூட்டாதபோது 22 விழுக்காட்டுக்கு மட்டுமே. இத்தகைய தவறுகளுக்குக் காரணம் அறியாமையோ அலட்சியமோ அல்ல, ஒரு மனித மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடிய தகவலுக்கு உள்ள எல்லையே என்பது அவர் கருத்து. எனக்கு அதில் முழு உடன்பாடு.

ஆயினும் அதே இரவில், என்றோ நிறுத்தப்பட்ட மருந்துகளைப் பற்றியெல்லாம் வந்த பல எச்சரிக்கைகளை நான் படிக்காமலே மூடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை புறக்கணிக்கப்படுவதாக 2006இல் வெளியான ஒரு திறனாய்வு தெரிவிக்கிறது. இதை மருத்துவரின் பொறுப்பின்மை என்று பழிப்பது தவறு. ஓயாமல் ஒலிக்கும் மணியை யார்தான் கேட்பார்கள்? உயிருக்கு ஆபத்தான சேர்க்கைகளுக்கு மட்டுமே திரை நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது மாற்று மருந்தையும் அங்கேயே தர வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் மருந்தை எழுதும் இடத்தில், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் நோயாளியின் அண்மைய கிரியாட்டினின் அளவு தானாகவே தெரிந்தால், எச்சரிக்கையே இல்லாமல் பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவேட்டில் இருப்பது மட்டுமே கணினிக்குத் தெரியும். பென்சிலின் ஒவ்வாமையை யாரும் பதியாவிட்டால் அது மௌனமாகவே இருக்கும். அந்த மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொண்ட இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே என் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களிடம், முதல் மருந்தை எழுதுவதற்கு முன் ஒவ்வாமையையும் உடல் எடையையும் நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்யச் சொல்கிறேன்.