சிடி டிராக்கில் அடையாளக் குறியீடும் பூட்டும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் முதல் ஆல்பம் சிடியாக வரப்போகிறது. அச்சிடுபவர்கள் ஐஎஸ்ஆர்சி கேட்கிறார்கள். அது என்ன சார்?

பதில்: ஓர் ஒலிப்பதிவுக்கு உலகம் முழுவதும் செல்லுபடியாகும் அடையாளக் குறியீடு. மொத்தம் 12 இடங்கள். முதல் 5 உங்களுக்கென ஒதுக்கப்படும் முன்னொட்டு, அடுத்த 2 குறியீடு கொடுத்த ஆண்டு (பாடிய ஆண்டு அல்ல), கடைசி 5 வரிசை எண். இதன் தலைமைப் பொறுப்பு, ஒலிப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐயிடம் இருக்கிறது. நாட்டுக்கு நாடு அதன் சார்பில் வழங்குபவர்கள் உண்டு. முன்னொட்டை ஒருமுறை வாங்கிவிட்டால் வரிசை எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கொடுத்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே எண் இரண்டு பாட்டுக்குப் போய்விட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

கேள்வி: பழைய பாட்டைத் தொகுப்பில் சேர்க்கிறேன். புது எண் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதே பதிவு, அதே எண். உரிமை கைமாறினாலும் எண் மாறாது. ரீமிக்ஸ், மேடைப் பதிவு, கரோக்கி என்றால் அவை வேறு பதிவுகள், புது எண் கொடுங்கள்.

கேள்வி: வேவ் கோப்பின் பெயரிலேயே குறியீட்டைப் போட்டுத்தான் சிடி எழுதினேன். வட்டில் காணோமே அண்ணா?

பதில்: கோப்பின் பெயர் வட்டுக்குப் போவதே இல்லை தம்பி. ஆடியோ சிடியில் ஒரு விநாடிக்கு 75 செக்டர், அதாவது சிறு துண்டுகள். ஒவ்வொன்றிலும் இசையோடு சப்கோடு என்ற மெல்லிய தகவல் ஓடை ஓடுகிறது. அதில் கியூ (Q) சேனல் என்ற பகுதி பெரும்பாலும் ‘எந்த டிராக், எத்தனையாவது நிமிடம்’ என்று பிளேயருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுநடுவே, 100 செக்டருக்கு ஒருமுறையாவது, ஐஎஸ்ஆர்சி வந்து போகும். அதாவது பாட்டு முழுவதும் சுமார் 1.3 விநாடிக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடுகிறது. எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் இன்றும் தீராத மதிப்பு உண்டு.

சரி, அதை எழுதுவது எப்படி? கியூ ஷீட் (cue sheet) என்பது டிராக்குகளின் வரிசையை பர்ன் மென்பொருளுக்குச் சொல்லும் எழுத்துக் கோப்பு, மேலே சொன்ன கியூ சேனல் வேறு. அதில் டிராக் வரிக்குக் கீழே, இண்டெக்ஸ் வரிக்கு மேலே, கோடு எதுவும் இல்லாமல் 12 எழுத்தையும் ஒட்டி எழுதுங்கள். ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையில், அதாவது முழு வட்டையும் ஒரே மூச்சில், பர்ன் செய்யுங்கள். தொழிற்சாலைக்கு டிடிபி கோப்பாக (வட்டின் முழு மாஸ்டரும் அடங்கிய கோப்புத் தொகுப்பு) அனுப்பினால் இன்னும் நல்லது, குறியீடுகள் அதிலேயே பத்திரமாகப் போகும். அப்புறம், எழுதிய வட்டை மறுபடி படித்துப் பாருங்கள். சில டிரைவ்கள் முந்தைய டிராக்கின் குறியீட்டையே அடுத்ததற்கும் காட்டும். அதனால் இரண்டு டிரைவில் சரிபார்ப்பது என் வழக்கம்.

கேள்வி: கணினியில் பாட்டின் பெயர் தெரிவது இதனால்தானா?

பதில்: இல்லை. டிராக்குகளின் நீளத்தை வைத்து இணையத் தரவுத்தளத்தில் தேடி எடுப்பது அது. வட்டிலேயே பெயர் வேண்டுமென்றால் சிடி டெக்ஸ்ட் என்ற வசதியில் எழுத வேண்டும்.

கேள்வி: மென்பொருளில் ‘நகல் தடை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் யாரும் காப்பி எடுக்க முடியாதுதானே?

பதில்: அது கியூ சேனலில் இருக்கும் ஒரே ஒரு பிட். ‘நகல் எடுக்காதே’ என்ற அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். வீட்டு டிஜிட்டல் ரெக்கார்டர்கள் அதை மதித்தன. நகலிலிருந்து மறு நகல் எடுப்பதைத் தடுக்கும் எஸ்சிஎம்எஸ் முறைக்கும் அதுவே அடிப்படை. கணினி டிரைவ்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. வைப்பதால் கெடுதல் இல்லை, நம்பித் தூங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் உண்மையான பூட்டு எதுவும் இல்லையா?

பதில்: முயன்று பார்த்தார்கள். வட்டில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவரின் பிளேயரே சில சமயம் திணறியது. சிடி தரத்தை மீறும் வட்டுகளில் அதன் சின்னத்தைப் போடக்கூடாது என்று பிலிப்ஸ் சொன்னது. ஒரு பூட்டு மென்பொருளை, வட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தினாலே தாண்டலாம் என்று 2003-இல் தெரியவந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி வட்டுகள் கணினிக்குள் ரகசியமாக ஒளிந்துகொள்ளும் மென்பொருளை நிறுவியது வெளிப்பட்டு, வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காசு கொடுத்தவரைத் தண்டிக்கும் பூட்டு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்த வட்டிலிருந்து பாட்டு கசிந்துவிட்டது. ஐஎஸ்ஆர்சியை வைத்து ஆளைப் பிடிக்கலாமா?

பதில்: முடியாதம்மா. குறியீடு எல்லா வட்டிலும் ஒன்றுதான். எம்பி3 ஆக மாற்றும்போது, கோப்பின் டேக்கில் (விவரக் குறிப்பில்) தனியாக எழுதாவிட்டால், அதுவும் உதிர்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஒலிக்குள்ளேயே கலக்கும் வாட்டர்மார்க். காதுக்குக் கேட்காது, வடிவம் மாற்றினாலும் பெரும்பாலும் தங்கும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அடையாளம் பதித்துக் கொடுங்கள், யாருக்கு எது என்று குறித்து வையுங்கள். கொடுக்கும்போதே அடையாளம் பதித்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.