கற்பனைக் குழுமத்துக்கு நம்பும்படியான வரலாறு

கேள்வி: அறிவியல் புனைகதை எழுதுகிறேன். எஃகு, கப்பல், மின்நிலைய எந்திரம், வாகனம் எல்லாம் செய்யும் ஒரு கனரகத் தொழிற்குழுமம்தான் கதையின் துறைமுக நகரத்தை ஆள்கிறது. '1920இல் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தது' என்பதற்கு மேல் அதன் வரலாறு நகரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 'படிப்படியாக' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கனரகத் தொழிலில் அடுத்த பிரிவு பெரும்பாலும் பழைய பட்டறைக்குள்ளிருந்தே வரும். ஜப்பானின் மிட்சுபிஷி கப்பல் ஓட்டிய கம்பெனி. நாகசாகியில் அரசுக்குச் சொந்தமான கப்பல் கட்டும் தளத்தை 1884இல் குத்தகைக்கு எடுத்து, 1887இல் விலைக்கே வாங்கியது. கப்பலுக்குக் கொதிகலனும் டர்பைனும் செய்து பழகிய கைகளுக்கு மின்நிலைய எந்திரம் அந்நிய வேலை இல்லை. கோபே நகரத்தில் இருந்த அதன் இன்னொரு தளத்தில் மின்கருவி செய்த பிரிவு 1921இல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக்காகத் தனியே போனது. உங்கள் குழுமத்தின் ஒவ்வொரு பிரிவும் எந்தப் பட்டறையில் பிறந்தது என்று எழுதிப் பாருங்கள். விடை கிடைக்காத பிரிவு விலைக்கு வாங்கியதாக இருக்கட்டும். விற்றவர் ஏன் விற்றார் என்பதில் ஓர் அத்தியாயமே இருக்கும்.

பலர் சறுக்குவது காலக்கணக்கில். டாடா எஃகுக் கம்பெனி பதிவானது 1907இல். எஃகு வந்தது 1912இல். இடைப்பட்ட ஆண்டுகளில் செலவு மட்டும்தான். அந்தப் பணம் யாருடையது என்று சொல்லாவிட்டால் கதையில் ஓட்டை விழும். ஊதுலை (தாதுவை உருக்கி இரும்பாக்கும் பெரிய உலை) வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 1.4 டன் இரும்புத் தாதுவும் 0.8 டன் நிலக்கரியும் வேண்டும். எனவே சுரங்கமோ, தாதுக் கப்பல் வந்து நிற்கும் துறையோ கதையில் இருந்தாக வேண்டும். வேலைநிறுத்தக் காட்சி வைத்தால் கவனம்: ஊதுலையைச் சட்டென்று அணைத்துவிட முடியாது. முறையாகத் தணிக்காமல் விட்டால் உள்ளே இரும்பு உறைந்து பாறையாகிவிடும். இது இரு தரப்புக்கும் தெரியும். பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

கப்பல் தளம், கப்பலை வாங்குபவர் தரும் தவணைப் பணத்தில் ஓடுவது. ஒப்பந்தம், எஃகு வெட்டு, அடிக்கட்டை (கப்பலின் அடி முதுகெலும்பு) வைப்பு, நீரில் இறக்கம், ஒப்படைப்பு என ஐந்து தவணை வழக்கம். தளம் கப்பலைத் தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்கும். ஆகவே குழுமத்தை வீழ்த்த நினைக்கும் வில்லன் தொழிற்சாலைக்குத் தீ வைக்க வேண்டாம். வங்கியை அசைத்தால் போதும்; உத்தரவாதம் ஆடினால் தவணை நிற்கும்.

கடைசியாக, பெயர். நூறாண்டுக்கு ஒரே பெயர் என்றால் நம்புவது கடினம். 1934இல் 'மிட்சுபிஷி கனரகத் தொழில்' என்று பெயர் கொண்ட கம்பெனி, போருக்குப் பின் 1950இல் மேற்கு, மத்திய, கிழக்கு ஜப்பான் கனரகத் தொழில் என்று மூன்றாக உடைக்கப்பட்டது. 1952இல் மூன்றும் மிட்சுபிஷி பெயரை மீட்டன, 1964இல் ஒன்றாயின, 1970இல் வாகனப் பிரிவு தனிக் கம்பெனியானது. 1948இல் நாகசாகியில் சேர்ந்த ஒரு கடைசல்காரர் அதே எந்திரத்தின் முன் நின்றபடியே மூன்று கம்பெனிப் பெயர்களில் சம்பளம் வாங்கியிருப்பார். உங்கள் நாவலுக்கு நிறுவனரைவிட அவர் நல்ல பாத்திரம்.